கேட்டது ஒன்று, வந்தது ஒன்று

வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் கேட்ட பொருளுக்குப் பதிலாக வேறு பொருள் வந்து சேர்ந்ததைப் பற்றி எழுதப்பட்ட நான்கு கடிதங்களை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வாங்கியவர்கள் மட்டுமல்லாமல் விற்றவர் ஒருவரும் எழுதியிருக்கிறார். விற்பவர்கள் இப்படித் தாமாக முன்வந்து வழி கேட்பது அரிது என்பதால் அவருக்கான பதில் சற்று நீண்டிருக்கிறது.

கேள்வி: எங்கள் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றுக்காக ஒரு ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்றை இணையத்தில் வாங்கினோம். அட்டைப்பெட்டியின் மேல் ஒரு ஹெச்.பி. என்றே ஒட்டியிருந்ததால் பிரித்துப் பார்க்காமல் வைத்துவிட்டோம். போர் வேலை தள்ளிப்போய்விட்டது. பத்து நாட்களுக்கு மேல் கழித்து ஃபிட்டர் வந்து பெட்டியைப் பிரித்தால், மோட்டாரின் நேம் பிளேட்டில் அரை ஹெச்.பி. என்று இருக்கிறது. ரிட்டர்ன் காலமான ஏழு நாட்கள் முடிந்துவிட்டதால் புகாரைப் பதிவு செய்யவே செயலியில் இடமில்லை. கஸ்டமர் கேரில் பேசினால், நாங்களே மோட்டாரை மாற்றி வைத்துவிட்டுக் கேட்பது போலப் பேசுகிறார்கள். போனது போகட்டும், இதையே மாட்டிவிடலாம் என்கிறார் அண்ணன். என்ன செய்யலாம்?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் அண்ணனிடம் முதலில் சொல்ல வேண்டியது, அந்த மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம் என்பதுதான். வந்த பொருளைத் தன்னுடையதாகவே கருதி ஒருவர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், அவர் அதை ஏற்றுக்கொண்டதாகவே 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் கொள்கிறது. மாட்டிய பிறகு உங்கள் தரப்பு வெகுவாகத் தளர்ந்துவிடும். பெட்டி, தெர்மாகோல், உள்ளே இருந்த தாள்கள் அனைத்தையும் அப்படியே எடுத்து வையுங்கள்.

ஏழு நாள் ரிட்டர்ன் காலம் என்பது விற்பனைத் தளம் தானாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. உங்களுக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமை அந்த ஏழு நாளோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு விவரத்தைச் சொல்லி விற்கப்படும் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்கிறது 41-ஆம் பிரிவு. விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ, பெற்ற பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு (மின்னணு வணிகம்) விதிகள், 2020 வெளிப்படையாகவே கூறுகின்றன. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. வேண்டாம் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்தைத் தாண்டி ஒரு பொருளை வைத்திருந்தால், அதுவும் ஏற்றுக்கொண்டதாகிவிடும். எது நியாயமான காலம் என்பது ஒவ்வொரு நிகழ்வின் சூழலைப் பொறுத்து முடிவு செய்யப்படுவது. பெட்டியின் மேலேயே ஒரு ஹெச்.பி. என்று ஒட்டியிருந்தபோது பத்துப் பன்னிரண்டு நாட்கள் பிரிக்காமல் இருந்ததைக் குறையாகச் சொல்ல முடியாது என்பது எங்கள் கருத்து. ஆனால் தெரிந்த பிறகும் நாள் கடத்தினால் அந்த நியாயம் உங்களிடம் நிற்காது. ஆகவே இன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள்.

நீங்களே மாற்றி வைத்தீர்கள் என்ற பேச்சுக்குப் பதில் அந்த மோட்டாரிலேயே இருக்கிறது. நேம் பிளேட்டில் உள்ள வரிசை எண்ணையும், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிழை பெரும்பாலும் பொருள் பெட்டிக்குள் போன இடத்திலேயே நேர்ந்திருக்கிறது; வேறு வேறாக இருந்தால் பெட்டியோ மோட்டாரோ இடையில் எங்கோ மாறியிருக்கிறது. தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்துக்கு அந்த எண்களை அனுப்பி, அவை எந்த மாடலுக்கு உரியவை என்று கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கூரியர் லேபிளில் அச்சிடப்பட்டிருக்கும் எடையையும் படம் எடுங்கள். ஒரு ஹெச்.பி. மோட்டாருக்கும் அரை ஹெச்.பி. மோட்டாருக்கும் எடை வேறுபடுவதால், அனுப்பும்போதே எது போனது என்பதற்கு அந்த எண் ஒரு சான்றாகலாம். நேம் பிளேட், பில், விற்பனைப் பக்கத்தில் ஒரு ஹெச்.பி. என்று காட்டும் விவரம் ஆகியவற்றின் படங்களையும் சேர்த்து வையுங்கள். விற்பனைப் பக்கத்தை விற்பவர் எப்போது வேண்டுமானாலும் திருத்திவிடலாம் என்பதால் அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

புகாரைக் கஸ்டமர் கேர் தொலைபேசியோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு மின்னணு விற்பனைத் தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரங்களையும் தளத்தில் காட்ட வேண்டும் என்பது விதி. புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆர்டர் எண், கேட்டது என்ன, வந்தது என்ன, சரியான மோட்டார் வேண்டுமா, பணம் வேண்டுமா என்பவற்றை நான்கு வரிகளில் எழுதிப் படங்களோடு அனுப்புங்கள். புகாருக்குத் தரப்படும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தைக் கடிதத்தில் கொட்டாமல் இருப்பது நல்லது; நாளை அதே கடிதம் நுகர்வோர் ஆணையத்தின் முன் வைக்கப்பட வேண்டியிருக்கலாம்.

அதிலும் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிவு செய்யலாம். அடுத்த படி ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் வடநாட்டில் எங்கே இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே வழக்கைத் தொடரலாம் என்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்த பெரிய வசதி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. பிழை நேர்ந்ததிலிருந்து 2 ஆண்டுகள்வரை காலம் உண்டு. மனுவில் விற்பனையாளர், விற்பனைத் தளம் இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேருங்கள். தோட்டத்துக்காக வாங்கியது வணிகத்துக்காக வாங்கியது, எனவே நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடக் கூடும். தம் பிழைப்புக்காகச் சாகுபடி செய்யும் விவசாயி நுகர்வோர்தான் என்று, தேசிய விதைக் கழகத்தின் மேல்முறையீட்டில் 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கேள்வி: சில ஆண்டுகளாகப் போர்வை, பெட்ஷீட், ஜமக்காளம் ஆகியவற்றை வாட்ஸ்ஆப் வழியாகவும் எங்கள் சொந்த இணையதளம் வழியாகவும் விற்று வருகிறேன். சென்ற வாரம் இரண்டு பார்சல்களின் லேபிள்கள் இடம் மாறிவிட்டன. டபுள் காட் செட் கேட்ட தூத்துக்குடி அம்மாவுக்குச் சிங்கிள் காட் செட்டும், சிங்கிள் காட் கேட்ட ஓசூர்க்காரருக்கு விலை கூடிய டபுள் காட் செட்டும் போய்விட்டன. தூத்துக்குடி அம்மா மிகவும் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். ஓசூரிலிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. முதலில் போன பொருள் திரும்பி வரட்டும், அதற்குப் பிறகு சரியானதை அனுப்பலாம் என்கிறார் என் கணவர். விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது என்று எங்கள் பில்லிலேயே அச்சிட்டிருக்கிறோம். கூரியர் செலவு யாருடையது? ஓசூர்க்காரரிடம் எப்படிக் கேட்பது?
– வாசகி, சென்னிமலை

பதில்: கூரியர் செலவு முழுவதும் உங்களுடையது. தூத்துக்குடியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் திரும்பி வருவதற்கும், சரியானவை மறுபடி போவதற்கும் ஆகும் நான்கு செலவுகளையும் நீங்கள்தான் ஏற்க வேண்டும். உங்கள் கடிதத்திலிருந்தே அதை நீங்கள் உணர்ந்திருப்பது தெரிகிறது.

பில்லில் உள்ள அந்த வரி இங்கே உதவாது. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று வருபவரிடம் வேண்டுமானால் அதைக் காட்டலாம். கேட்டதை அனுப்பாதபோது, அவர் வாங்கிய பொருளே இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. சேராத பொருளை வாபஸ் பெறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நீங்கள் சொந்தத் தளத்தில் தொடர்ந்து விற்பனை செய்பவர் என்பதால் மேலே சொன்ன 2020-ஆம் ஆண்டு விதிகள் உங்களையும் கட்டுப்படுத்தும். வீட்டில் கிடந்த பழைய பொருளை எப்போதாவது ஒரு முறை விற்பவருக்குத்தான் அவற்றிலிருந்து விலக்கு. அந்த வரியை எடுத்துவிட்டு, தவறான பொருளோ பழுதான பொருளோ வந்தால் எத்தனை நாளுக்குள், எந்த எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே இடத்தில் அச்சிடுங்கள்.

உங்கள் கணவரின் அச்சம் எங்களுக்குப் புரிகிறது. தறிக்காரருக்குக் கூலி கொடுத்து, நூலுக்குப் பணம் கட்டி வாங்கி வைத்த சரக்கு இரண்டு மடங்காக வெளியே போய்த் திரும்பாமல் நின்றுவிட்டால் சிறு வியாபாரத்தில் அது பெரிய அடி. இருந்தாலும் அவர் சொல்லும் வரிசையில் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. பணம் கட்டிவிட்டுப் பொருள் இல்லாமல் இருப்பவர் தூத்துக்குடி அம்மா. உங்கள் பிழை சரியாகும்வரை அவர் இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ காத்திருக்க வேண்டும் என்பது, உங்கள் இழப்பை அவர் தலையில் ஏற்றுவதாகும். வந்த செட்டின் படம் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, சரியான செட்டை அன்றைக்கே அனுப்புங்கள். புதிய பார்சலைக் கொடுக்கும்போதே பழையதைக் கையோடு வாங்கி வரும் வசதி சில கூரியர் நிறுவனங்களிடம் உண்டு. அது கிடைத்தால் உங்கள் கணவரின் கவலையும் தீரும். அந்த டபுள் காட் செட் கைவசம் இல்லை, தறியிலிருந்து வர நாளாகும் என்றால் அதை மறைக்காமல் சொல்லி, காத்திருப்பதா பணத்தைத் திரும்பப் பெறுவதா என்ற முடிவை அவரிடமே விடுங்கள். பணமாகத் தருவதானால் அனுப்பும் கட்டணமும் சேர்ந்த முழுத் தொகையையும், அவர் செலுத்திய வழியிலேயே தர வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளுங்கள் என்று கூப்பன் தருவது அவர் கேட்டால் மட்டும்தான். திரும்பத் தர வேண்டிய பணத்தைப் பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் தராமல் இருப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வகைப்படுத்தியிருக்கிறது.

அவருக்கு எழுதும் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பாதிச் சண்டைகள் பொருளால் மூள்வதைவிட அதைப் பற்றி எழுதும் முறையால்தான் மூள்கின்றன. "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற பொதுவான வரி யாருக்கும் ஆறுதல் தராது. இப்படி எழுதலாம்: "வணக்கம்ங்க அம்மா. நீங்கள் கேட்ட டபுள் காட் செட்டுக்குப் பதிலாகச் சிங்கிள் காட் செட் வந்திருக்கிறது. லேபிள் ஒட்டும்போது எங்களிடம் நேர்ந்த பிழை இது. உங்கள் செட்டை இன்று மாலை அனுப்புகிறோம். கூரியர் எண்ணை இரவுக்குள் தருகிறோம். தவறாக வந்ததை எடுத்துச் செல்ல வீட்டுக்கே ஆள் வருவார். அதற்காக நீங்கள் எங்கும் போகவோ எதுவும் செலுத்தவோ வேண்டாம். செட் வேண்டாம், பணமே வேண்டும் என்றால் சொல்லுங்கள், முழுத் தொகையையும் திருப்பி அனுப்பிவிடுகிறோம்." என்ன நடந்தது, யாரால் நடந்தது, அடுத்து என்ன, எப்போது என்ற நான்கும் இதில் இருக்கின்றன. சொன்ன நேரத்தில் கூரியர் எண் போய்ச் சேர வேண்டும் என்பது மிக முக்கியம்.

இனி ஓசூர். அவர் பேசாமல் இருப்பதாலேயே மறைக்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மடித்துக் கவரில் போட்ட பிறகு சிங்கிளும் டபுளும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பது உங்களுக்குத் தெரியும். அவர் இன்னும் கவரைப் பிரிக்காமலே இருக்கலாம். செய்தி அனுப்பாமல் தொலைபேசியில் கூப்பிட்டு, பிழை உங்களுடையது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். தவறுதலாக ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பெற்றவர் அதைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தப் பலம் உங்கள் பக்கம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்; பேச்சை அதில் தொடங்க வேண்டாம். வந்த செட் பிடித்துப்போய் அவரே வைத்துக்கொள்ள விரும்பினால் வித்தியாசத் தொகையை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அந்த யோசனை அவரிடமிருந்து வர வேண்டும். கூடுதல் பணம் கொடுங்கள் அல்லது திருப்பி அனுப்புங்கள் என்று நீங்கள் கேட்டால், வேண்டுமென்றே உயர்ந்த பொருளை அனுப்பி விலை கேட்பதாக அவருக்குத் தோன்றும். ஒருவேளை அவர் உண்மை தெரியாமல் அதை விரித்துத் துவைத்தும் விட்டார் என்றால், வித்தியாசத்தை விட்டுவிடுங்கள். துவைத்த துணியைத் திரும்ப வாங்கி நீங்கள் யாருக்கும் புதிதாக விற்க முடியாது, விற்கவும் கூடாது.

ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், திரும்பி வந்த சரக்குக்குக் கிரெடிட் நோட் போட்டுக் கணக்கைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். உங்கள் ஆடிட்டரிடம் பழைய பில், புதிய பில் இரண்டையும் கொடுத்துவிடுங்கள். கைத்துண்டு போன்ற விலை குறைந்த பொருள் மாறிப் போயிருந்தால், திரும்ப எடுக்க ஆகும் கூரியர் செலவே பொருளின் விலையைத் தாண்டிவிடும். அப்போது, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுத்தில் சொல்லிவிட்டுச் சரியானதை அனுப்புவதே மேல்.

லேபிள் மாறியது எப்படி என்பதை நீங்கள் எழுதவில்லை. ஆனால் வீட்டிலிருந்து அனுப்புபவர்களிடம் இது பெரும்பாலும் நேரும் விதம் ஒன்றுதான்: கூரியர் வண்டி வரும் நேரம் நெருங்கும்போது எல்லாப் பார்சல்களையும் ஒட்டி முடித்து அடுக்கிவிட்டு, பிறகு எல்லா லேபிள்களையும் மொத்தமாக அச்செடுத்து வரிசையாக ஒட்டிக்கொண்டு வருவார்கள். நடுவில் ஒரு பார்சல் இடம் மாறினால் போதும். ஒரு ஆர்டருக்கான பில்லை எடுத்து, அந்தப் பொருளை எடுத்து, கவரை மூடும் முன் பில்லும் பொருளும் லேபிளும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து, மூடிய கையோடு லேபிளை ஒட்டிவிட்டுத்தான் அடுத்த ஆர்டரைத் தொட வேண்டும். மேசையில் ஒரு சிறிய எடைக்கருவி இருக்கட்டும். டபுள் காட் செட்டின் எடை உங்களுக்குப் பழகிவிட்டால், லேபிளில் டபுள் என்றிருக்கும் பார்சல் எடை குறைவாகக் காட்டும்போது வண்டி ஏறும் முன்பே பிடித்துவிடலாம். நாளை ஒருவர் வேறு பொருள் வந்ததாகத் தவறாகச் சொன்னால், அந்தப் படமும் எடையும் உங்களுக்குப் பாதுகாப்பாகவும் இருக்கும்.

கேள்வி: சாதாரண இயர்போன் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தேன், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஹெட்போன் வந்திருக்கிறது. கேட்காமல் வந்த பொருளைத் திருப்பித் தரத் தேவையில்லை என்று சட்டமே இருப்பதாக நண்பர் சொல்கிறார். வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வைத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் நண்பர் சொல்வது போன்ற சட்டம் அமெரிக்காவில் உண்டு. அதுகூட யாரும் கேட்காமலே ஆசை காட்டி அனுப்பப்படும் பொருள்களுக்காக வந்தது. இங்கே ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு உங்களைத் திருப்பித் தரச் சொல்கிறது. தவறுதலாக வந்தது என்று தெரிந்த பிறகும் நேர்மையின்றி அதைத் தனதாக்கிக்கொள்வது, நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவின்படி குற்றமாகவும் ஆகலாம்.

அதற்காக நீங்கள் அலைய வேண்டியதில்லை. ஏற்க மறுத்த பொருளை வாங்கியவரே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற கடமை இல்லை. மறுப்பைத் தெரிவித்தாலே போதும் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு கூறுகிறது. என்ன வந்திருக்கிறது என்று எழுதி, அதை எடுத்துக்கொண்டு இயர்போனை அனுப்புமாறு கேளுங்கள். அவர்கள் ஆள் அனுப்பும்வரை பயன்படுத்தாமல் பத்திரமாக வைத்திருங்கள். எடுத்துச் செல்லும்போது ரசீதோ குறுஞ்செய்தியோ கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் நாளை பொருள் திரும்பவே இல்லை என்று உங்கள் கணக்கிலிருந்து பிடித்தம் செய்யும் வம்பும் வரலாம்.

கேள்வி: சமூக ஊடகத்தில் வந்த விளம்பரத்தைப் பார்த்து அம்மிச்சிக்காகப் பட்டுச்சேலை ஒன்றை, வீட்டில் பணம் கொடுக்கும் முறையில் கேட்டிருந்தேன். நான் வேலைக்குப் போயிருந்தபோது அம்மிச்சி பணம் கொடுத்து வாங்கிவிட்டார். உள்ளே பழைய துணி இருக்கிறது. விளம்பரத்தில் இருந்த எண் இப்போது எடுக்கப்படுவதில்லை.
– வாசகி, காங்கயம்

பதில்: மேலே உள்ள மூன்றும் பிழைகள், இது ஏமாற்று. எனவே ரிட்டர்ன் கேட்டுக் காத்திருக்காமல், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலோ சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ உடனே பதிவு செய்யுங்கள். விளம்பரத்தின் படம், அந்தப் பக்கத்தின் முகவரி, பார்சல் லேபிளில் உள்ள அனுப்புநர் விவரமும் கூரியர் எண்ணும் தேவைப்படும். கவரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கூரியர் நிறுவனத்துக்கும் அதே நாளில் எழுதுங்கள். வசூலித்த பணம் அனுப்புநருக்கு உடனே போய்ச் சேர்ந்துவிடுவதில்லை, சில நாட்கள் இடைவெளி இருக்கும். அதற்குள் புகார் எண்ணோடு எழுதினால் நிறுத்தி வைக்கும்படி கேட்க ஒரு வாய்ப்பு உண்டு. ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு வங்கி வழியாக வேறு வழி இல்லை.

பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்றோ, ஒரு லிங்க்கைத் திறக்கச் சொல்லியோ யாராவது அம்மிச்சியைக் கூப்பிடக் கூடும். ஒரு முறை ஏமாந்தவரின் எண்ணுக்கு அப்படி அழைப்பு வருவது வழக்கம். இன்று இரவே அவரிடம் அதைச் சொல்லி வையுங்கள். வீட்டில் நீங்கள் இல்லாதபோது பணம் கேட்டு எந்தப் பார்சல் வந்தாலும், "பேத்தி வந்த பொறவு கொண்டாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். அப்படி மறுப்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.